தட்டைப் பாதமும் அறுவைக் கத்தியும்



பிள்ளை குளித்துவிட்டு ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் ஓடுகிறான். பின்னாலேயே துண்டோடு வரும் தாய், தரையில் பதிந்த அடிச்சுவடுகளைத் தற்செயலாகப் பார்க்கிறாள். அவளுடைய சுவட்டில் முன்பாதமும் குதிகாலும் நன்றாகப் பதிந்து, நடுவே உட்பக்கத்தில் வளைவான ஓர் இடைவெளி இருக்கிறது. பிள்ளையின் சுவட்டில் அந்த இடைவெளியே இல்லை. பாதம் முழுவதும் தட்டையாகப் பதிந்திருக்கிறது. அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. பிள்ளை மற்றவர்களைப்போல் ஓடியாட முடியாதோ, பள்ளி விளையாட்டுப் போட்டியில் பின்தங்கிவிடுவானோ, நாளை போலீஸ் வேலைக்கு எடுக்கமாட்டார்களோ என்று மனம் அலைகிறது. அடுத்த வீட்டுக்காரர், தனியாகச் செய்த சப்பாத்து வாங்கிப் போடச் சொல்கிறார். உறவினர் ஒருவர், சின்ன வயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்துவிடுவது நல்லது என்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும், கிள்ளான் தாமான்களிலும், பெட்டாலிங் ஜெயாவிலும் எத்தனையோ தாய்மார்களுக்கு இந்தக் கவலை வந்திருக்கும். தட்டைப் பாதத்தைக் கத்தி வைத்துத் திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா? மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்கு விடை தேடி 100 ஆண்டுகளுக்கும் மேல் அலைந்திருக்கிறது. அந்தத் தேடலின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். இதில் ஸ்காட்லாந்தின் மருத்துவர் ஒருவர் வருவார். கனடா நாட்டுப் போர்வீரர்கள் வருவார்கள். இளம்பிள்ளை வாதம் தாக்கிய குழந்தைகள் வருவார்கள். இறுதியில் தென்னிந்தியாவின் கடலோரத்தில் வெறுங்காலோடு பள்ளிக்குப் போன பிள்ளைகளும் வருவார்கள்.

முதலில், பாதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. கல்லை அடுக்கிப் பாலம் கட்டுகிறவர்கள் நடுவில் வளைவு வைத்துக் கட்டுவதைப்போல, இந்த எலும்புகளும் உட்பக்கத்தில் வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கல்பாலம் அசையாது. பாதத்தின் வளைவு ஒவ்வோர் அடியிலும் தாழ்ந்து எழுகிறது. எலும்புகளைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்களும், கெண்டைக்காலிலிருந்து இறங்கி வரும் தசைநாண்களும் அந்த வளைவைத் தாங்குகின்றன.

பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் இந்த வளைவு வெளியே தெரிவதில்லை. தசைநார்கள் இளகியிருக்கும், உள்ளங்காலில் கொழுப்புத் திண்டும் இருக்கும். பிள்ளை நின்று, நடந்து, ஓடி வளர வளர வளைவு மெல்ல உருவாகிறது. லின் ஸ்டாஹேலி என்னும் அமெரிக்க எலும்பியல் வல்லுநரும் அவருடைய துணைவர்களும், 1 வயது முதல் 80 வயது வரையுள்ள 441 பேரின் பாதச் சுவடுகளை அளந்து 1987ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் 10 ஆண்டுகளில் வளைவு தானாகவே உயர்கிறது என்பது அதில் தெளிவாயிற்று. 2006ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது. அங்கே 3 முதல் 6 வயது வரையுள்ள 835 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 3 வயதுப் பிள்ளைகளில் 54 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. 6 வயதுப் பிள்ளைகளில் அது 24 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அந்த வயதில் தட்டைப் பாதம் என்பது பெரும்பாலும் நோயன்று. வளர்ச்சியின் ஒரு படி.

இன்று நாம் இவ்வளவு நிதானமாகச் சொல்லும் இந்த உண்மை, 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள். காலை முதல் இரவு வரை கடைகளிலும் பட்டறைகளிலும் நின்றபடியே உழைத்து, பாதம் சரிந்து, வலியோடு வந்தவர்கள். அவர்களுடைய பாதம் தட்டையாக இருந்தது; வலியும் இருந்தது. தட்டையாக இருப்பதனால்தான் வலி என்று மருத்துவர்கள் முடிவுகட்டியதில் வியப்பில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு உதவ முன்வந்தவர்களில் ஒருவர், ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் இருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். சீழ்ப்புண்களில் காணப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் நுண்கிருமியைக் கண்டுபிடித்துப் பெயரிட்டவரும் இவரே. 1884ல் இவர் தட்டைப் பாதத்திற்கு ஓர் அறுவைச் சிகிச்சையை வெளியிட்டார். பாதத்தின் உட்பக்கத்தில் வளைவின் உச்சியாக இருக்கும் மூட்டைத் திறந்து, குருத்தெலும்பைச் செதுக்கி எடுத்து, இரண்டு எலும்புகளையும் வளைவாக நிறுத்தி, தந்தத்தால் ஆன முளைகளை அடித்துப் பொருத்தினார். மூட்டு ஒன்றாக இணைந்து எலும்பு கூடிவிடும். வளைவும் நிலைத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டதே 1895ல்தான். உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லாத காலத்தில் செய்த சிகிச்சை அது.

1893ல் கிளைக் என்னும் மருத்துவர் வேறு வழி கண்டார். அவர் மூட்டைத் தொடவில்லை. குதிகால் எலும்பை அறுத்து, நகர்த்திப் பொருத்தினார். அதே காலத்தில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ராயல் விட்மன் என்பவர், கத்தியை விட்டு எஃகுத் தகட்டை எடுத்தார். பாதத்தின் அச்சு எடுத்து, அதற்கேற்ப எஃகுத் தகடு செய்து சப்பாத்துக்குள் வைத்துக்கொடுத்தார். தகடு சதையை அழுத்துவதால் நோயாளி தானாகவே பாதத்தை மேலே தூக்கப் பழகுவார் என்று கருதினார். இப்போது மருந்துக் கடைகளில் விற்கும் உள்ளங்கால் திண்டுகளுக்கு அந்தத் தகட்டை முன்னோடி எனலாம்.

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும், மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் மேம்பட்டன. கத்தி பிடிக்கும் கைக்கும் துணிவு கூடியது. அட்லாண்டா நகரின் மைக்கேல் ஹோக், பாதத்தின் நடுவிலுள்ள சில எலும்புகளை இணைத்து, குதிகால் நாணையும் நீட்டிவிடும் முறையை 1931ல் வெளியிட்டார். அந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்ததும் வளைவு அழகாகத் தெரியும், பெற்றோர் மகிழ்வார்கள். ஆனால் பாதம் என்பது படமாக மாட்டி வைத்துப் பார்க்கும் பொருளன்று. ஆயுள் முழுவதும் நடக்க வேண்டிய உறுப்பு. ஆண்டுகள் பல கழித்து, இத்தகைய சிகிச்சை பெற்றவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்த ஆய்வு ஒன்று 1967ல் பிரிட்டனிலிருந்து வெளிவந்தது. முதலில் கிடைத்த நல்ல பலன் பலருக்கு நிலைக்கவில்லை என்பதை அது காட்டியது. ஒரு மூட்டை அசையாமல் பூட்டிவிட்டால், அது செய்யவேண்டிய வேலையைப் பக்கத்து மூட்டுகள் சுமக்கின்றன. காலப்போக்கில் அவை தேய்கின்றன.

இதற்கிடையே ஒரு பெரிய திருப்பம் போர்க்களத்தின் பக்கமிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தட்டைப் பாதம் உள்ள இளைஞர்களைப் படையில் சேர்ப்பதா, தள்ளுவதா என்ற கேள்வி எழுந்தது. கனடாவின் மருத்துவர்களான ஆர். ஐ. ஹாரிஸும் தாமஸ் பீத்தும் அந்நாட்டுப் படைவீரர்கள் ஏறத்தாழ 3,600 பேரின் பாதங்களைச் சோதித்தார்கள். முடிவுகளை 1947லும் 1948லும் வெளியிட்டார்கள். தட்டைப் பாதம் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டது உண்மையில் மூன்று வெவ்வேறு நிலைகள் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

முதலாவது, இளகிய தட்டைப் பாதம். எழுந்து நின்றால் வளைவு மறையும். நுனிவிரலில் நின்றால் வளைவு மீண்டும் தோன்றும். இத்தகைய பாதம் கொண்ட வீரர்கள் மற்றவர்களைப்போலவே நடந்தார்கள், சுமந்தார்கள். இரண்டாவது, இளகிய பாதத்தோடு குதிகால் நாணும் குறுகியிருப்பது. இந்த நிலையில்தான் பலருக்கு வலி இருந்தது. மூன்றாவது, விறைத்த தட்டைப் பாதம். இதில் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிறவியிலேயே பாலம்போல ஓர் இணைப்பு அமைந்து மூட்டை அசையவிடாமல் தடுக்கிறது. நுனிவிரலில் நின்றாலும் இங்கே வளைவு வராது.

நேயர்களே, இந்த ஒரு பிரிவினைதான் இன்றுவரை மருத்துவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறது. பாதம் தட்டையா என்று கேட்பது பாதிக் கேள்வி. அது இளகுகிறதா, விறைக்கிறதா? வலிக்கிறதா, வலிக்கவில்லையா? இவை சேர்ந்தால்தான் கேள்வி முழுமையாகும்.

அப்படியானால் குழந்தைகளின் தட்டைப் பாதத்திற்குக் கத்தியே தேவைப்படவில்லையா என்றால், தேவைப்பட்டது. கத்தி உண்மையிலேயே வரமாக வந்த இடம் ஒன்று உண்டு. அதுதான் இளம்பிள்ளை வாதம்.

போலியோ என்னும் அந்த நோய், காலிலுள்ள சில தசைகளைச் செயலிழக்கச் செய்து, வேறு சில தசைகளை விட்டுவைக்கும். பாதத்தை உள்நோக்கித் தூக்கும் தசை செத்து, வெளிநோக்கி இழுக்கும் தசை மட்டும் உயிரோடு இருந்தால், குழந்தையின் பாதம் நாளுக்கு நாள் வெளிப்பக்கம் சரிந்து தட்டையாகும். இந்தத் தட்டைப் பாதம் தானாக நிமிராது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல் மூட்டுகளை இணைத்தால், எலும்பின் வளர்ச்சி தடைப்பட்டுப் பாதம் சிறுத்துவிடும். ஆகவே பிள்ளைக்கு ஏறத்தாழ 12 வயது ஆகும்வரை மருத்துவர்கள் காத்திருந்தார்கள். அதற்குள் பாதம் முற்றிலும் சரிந்து, இரும்புக் கம்பி பூட்டிய சப்பாத்தோடு பிள்ளை தவிக்கும்.

1952ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த டேவிட் கிரைஸ் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். பிள்ளையின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்தார். கணுக்கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே, மூட்டுக்கு வெளியே உள்ள பள்ளத்தில் அந்தத் துண்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். சாயும் பந்தற்காலுக்கு ஆப்பு வைப்பதைப் போன்ற வேலை இது. குருத்தெலும்பைத் தொடாததால் பாதம் தொடர்ந்து வளர்ந்தது, சரிவும் நின்றது. சிறு வயதிலேயே செய்ய முடிந்ததால், பல நாடுகளில் போலியோ தாக்கிய பிள்ளைகளுக்கு இந்த முறை கைகொடுத்தது.

நம் நாட்டிலும் போலியோ ஒரு காலத்தில் வீடுகளை நடுங்க வைத்த நோய். 1960களின் பிற்பகுதியில் பந்தாய் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை எழுந்தது. அதன் மருத்துவப் புலத்திற்கு முதல் தலைவராக இருந்து அடித்தளம் போட்டவர் டாக்டர் டி. ஜே. தனராஜ் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். எலும்பியல் வல்லுநர்களை இங்கேயே உருவாக்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. ஆயினும் போலியோவால் வந்த தட்டைப் பாதத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து விரட்டியது அறுவைக் கத்தியன்று. நாக்கில் விட்ட சொட்டு மருந்து. 1972ல் மலேசியாவில் வாய்வழித் தடுப்பு மருந்து குழந்தைகளுக்குக் கொடுக்கப்படத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மேற்குப் பசிபிக் வட்டாரம் போலியோ இல்லாத வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது மலேசியாவும் அதில் அடங்கியது. 2019 டிசம்பரில் சபா மாநிலத்தில் ஒரு குழந்தைக்கு மீண்டும் அந்த நோய் தோன்றியது. தடுப்பு மருந்தில் தளர்ச்சி கூடாது என்பதற்கு அதுவே எச்சரிக்கை.

போலியோ ஒழிந்ததும் கிரைஸின் முறைக்குத் தேவை குறைந்தது. அடுத்த படியை எடுத்து வைத்தவர் வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரிலிருந்த டில்வின் எவன்ஸ். இவருடைய கதை சுவையானது. இவர் உள்நோக்கித் திரும்பிய வளைபாதத்தோடு பிறந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். பாதத்தை உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டு எலும்பு வரிசைகளாக எண்ணிப் பார்த்தார். வளைபாதத்தில் வெளிவரிசை நீளமாக இருக்கிறது; அதைக் குறைத்தால் பாதம் நேராகும் என்று 1961ல் எழுதினார். ஆனால் குறைப்பு சற்று மிகுந்துபோனால், பாதம் மறுபக்கம் சாய்ந்து தட்டையாகிவிடுகிறது என்பதையும் அவர் கண்டார். தம் சிகிச்சையின் மிகுதியே அவருக்குப் பாடமாயிற்று. வெளிவரிசை குறைந்தால் பாதம் தட்டையாகும் என்றால், தட்டைப் பாதத்தில் வெளிவரிசையை நீட்டினால் என்ன? குதிகால் எலும்பை முன்பக்கம் குறுக்காக அறுத்து, நடுவே எலும்புத் துண்டை வைத்து நீட்டினார். வளைவு எழுந்து நின்றது. 1975ல் இது வெளியாயிற்று.

இதன் சிறப்பு என்னவென்றால், எந்த மூட்டையும் பூட்ட வேண்டியதில்லை. பாதம் அசையும் தன்மையை இழப்பதில்லை. அமெரிக்காவின் வின்சென்ட் மோஸ்கா இந்த முறையைச் செம்மைப்படுத்தி, 20 பிள்ளைகளின் 31 பாதங்களில் செய்து, பலன்களை 1995ல் வெளியிட்டார். கடுமையான சரிவும் வலியும் உள்ள பிள்ளைகளுக்குத்தான் அவர் இதைச் செய்தார். இன்று பெருமூளை வாதத்தினாலோ பிற காரணத்தினாலோ பாதம் கடுமையாகச் சரிந்த பிள்ளைகளுக்கு உலகெங்கும் செய்யப்படும் முக்கியமான முறைகளில் இது ஒன்று.

கத்தியின் கதை இப்படி நிதானத்தை நோக்கி நகர்ந்தபோது, சப்பாத்தின் கதை என்ன ஆயிற்று? பல ஆண்டுகளாகப் பெற்றோர்கள் பெரும் பணம் கொடுத்து, உட்புறம் உயர்த்திய கனத்த சப்பாத்துகளை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் வளைவு வந்தது. சப்பாத்துதான் கொண்டுவந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். 1989ல் அமெரிக்காவின் டென்னிஸ் வெங்கர் குழுவினர் இதை முறையாகச் சோதித்தார்கள். இளகிய தட்டைப் பாதமுள்ள 129 சிறு பிள்ளைகளைப் பிரிவுகளாக்கி, சில பிரிவினருக்குத் தனிச் சப்பாத்தும் உள்திண்டும் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. 3 ஆண்டுகள் கழித்து 98 பிள்ளைகளின் எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டார்கள். எல்லாப் பிரிவுகளிலும் பாதம் ஒரே அளவில் முன்னேறியிருந்தது. சப்பாத்து போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் வேறுபாடு இல்லை. வளைவைக் கொண்டுவந்தது வயது. பெயர் வாங்கியது சப்பாத்து.

சப்பாத்து உதவவில்லை என்பது ஒருபுறம். அது தடையாகவும் இருக்கக்கூடுமோ என்ற ஐயம் ஆசியாவிலிருந்து எழுந்தது. 1958ல் ஹாங்காங்கில் சிம்ஃபூக், ஹாட்சன் என்னும் இரு மருத்துவர்கள், சப்பாத்தே அணியாத மக்களின் பாதங்களையும் அணியும் மக்களின் பாதங்களையும் ஒப்பிட்டார்கள். அணியாதவர்களின் பாதம் நன்கு அசைவதையும், குறைபாடுகள் குறைவாக இருப்பதையும் கண்டார்கள்.

அதன்பின் வந்ததுதான் தென்னிந்தியாவின் ஆய்வு. கர்நாடகக் கடலோரத்திலுள்ள கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும், 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளைப் பதிவுசெய்தார்கள். மேலை நாடுகளில் வெறுங்காலோடு வளரும் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தென்னிந்தியாவில் சப்பாத்து போட்ட பிள்ளையும் போடாத பிள்ளையும் ஒரே ஊரில் வளர்ந்தார்கள். முடிவுகள் 1992ல் வெளிவந்தன. காலணி அணிந்த பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது. மூடிய சப்பாத்து போட்டவர்களிடம் அது மிகுதி. சிலிப்பரோ வார்ச் செருப்போ போட்டவர்களிடம் குறைவு. வெறுங்காலில் நடந்தவர்களிடம் மிகக் குறைவு.

1995ல் வி. சச்சிதானந்தமும் பெஞ்சமின் ஜோசப்பும் வளர்ச்சி முடிந்த 1,846 பேரைச் சோதித்து, எந்த வயதில் காலணி போடத் தொடங்கினார்கள் என்று விசாரித்தார்கள். 6 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் 3.24 விழுக்காட்டினருக்கும், 6 முதல் 15 வயதுக்குள் தொடங்கியவர்களில் 3.27 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. 16 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது 1.75 விழுக்காடு மட்டுமே. உடல் பருமன் உள்ளவர்களிடமும், மூட்டுகள் மிகவும் இளகியவர்களிடமும் தட்டைப் பாதம் கூடுதலாகக் காணப்பட்டது. இந்த இரண்டு ஆய்வுகளும் உலகெங்கும் குழந்தை எலும்பியல் நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

இதைக் கேட்கும்போது நம் தோட்டத்து நாட்கள் நினைவுக்கு வருவது இயல்பு. அதிகாலையில் பெற்றோர் பெரட்டுக் களத்திற்குப் போக, ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட பிள்ளைகள் வெறுங்காலோடு செம்மண்ணில் விளையாடினார்கள். லயத்து வாசலிலிருந்து தோட்டப் பள்ளிக்கூடம் வரை வெறுங்காலோடு நடந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் வெட்டிய பால்தான் உலகத்தின் சப்பாத்துகளுக்கு அடியாகப் போயிற்று. 1930களில் கிள்ளானிலேயே பாட்டா நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. அப்படியிருந்தும் தோட்டத்துப் பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வறுமையால் நேர்ந்த அந்த வெறுங்கால், பாத வளைவுக்கு நன்மை செய்திருக்கும் என்று இன்று ஆய்வுகளை வைத்து ஊகிக்கலாம்.

ஆனால் அந்த நாட்களை ஒரேயடியாகப் போற்றிவிடவும் கூடாது. வெறுங்காலுக்கு வேறொரு விலை இருந்தது. கொக்கிப் புழு மண்ணிலிருந்து தோலைத் துளைத்து உடம்புக்குள் நுழைகிறது என்பதை ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் 1898ல் கெய்ரோ நகரில் கண்டுபிடித்தார். இரத்தத்தை உறிஞ்சும் அந்தப் புழு எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளைச் சோகையால் வெளுக்க வைத்தது. வெறுங்கால் வளைவைக் காத்தது என்றால், சப்பாத்து இரத்தத்தைக் காத்தது. தொழுநோயாலோ நீரிழிவாலோ பாதத்தில் உணர்ச்சி மரத்தவர்களுக்கு வெறுங்கால் பேராபத்து. வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் வலி தெரியாமல் நடப்பதுதான் என்று உணர்த்தி, மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகளை அவர்களுக்குப் பழக்கினார். ஆகவே வெறுங்கால் நல்லதா, சப்பாத்து நல்லதா என்பதற்கு ஒரே வாக்கில் பதில் இல்லை. எந்தக் கால், எந்த வயது, எந்தத் தரை என்று பார்க்க வேண்டும்.

தென்னிந்திய ஆய்வை வைத்துச் சப்பாத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். காலணி போட்ட பிள்ளைகளிலும் 100க்கு 91 பேருக்கு மேல் தட்டைப் பாதம் இல்லை என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. பள்ளிக்குச் சப்பாத்து போட்டுப் போகட்டும். வீட்டுக்குள்ளும், சுத்தமான மணலிலும் புல்தரையிலும் பிள்ளை வெறுங்காலோடு ஓடட்டும். சப்பாத்து வாங்கும்போது விரல் அசைய இடமிருக்கிறதா, அடிப்பகுதி வளைகிறதா என்று பாருங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன தாயிடம் திரும்புவோம். அவள் செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு மருத்துவமனை வேண்டியதில்லை. பிள்ளையை நுனிவிரலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்கட்டும். வளைவு எழுந்து, குதிகால் உள்நோக்கித் திரும்பினால் அது இளகிய பாதம். பிள்ளைக்கு வலியும் இல்லையென்றால், காத்திருப்பதே சிகிச்சை.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்? நுனிவிரலில் நின்றும் வளைவு வராவிட்டால். பாதத்திலோ கெண்டைக்காலிலோ ஓயாத வலி இருந்தால். ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருந்தால். முன்பு நன்றாக இருந்த பாதம் சரியத் தொடங்கினால். பிள்ளை நடையில் தடுமாறினால், தாமதிக்கக் கூடாது. அப்போதும் முதலில் வருவது கத்தியன்று. குறுகிய குதிகால் நாணை நீட்டும் பயிற்சியும், வலியைத் தணிக்கும் உள்திண்டும் முதலில் வரும். திண்டு வளைவை உண்டாக்காது, வலியைக் குறைக்கும். அவையும் உதவாதபோதுதான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

இக்காலத்தில் கணுக்கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே சிறிய உலோகத் திருகு ஒன்றை நுழைத்துத் தட்டைப் பாதத்தைத் தடுக்கும் முறையும் உண்டு. சிறிய வெட்டு, விரைவில் வீடு திரும்பலாம் என்று அது விரும்பப்படுகிறது. ஐரோப்பாவில் சில நாடுகளில் நிறையச் செய்கிறார்கள். வேறு பல நாடுகளின் வல்லுநர்கள் தயங்குகிறார்கள். திருகினால் வலி ஏற்பட்டு அதை மறுபடி எடுக்க நேர்வதும் உண்டு. இத்தகைய சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: என் பிள்ளைக்கு இப்போது என்ன துன்பம்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் எதை இழக்க நேரும்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

தைப்பூசத்தன்று கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதத்தோடு பத்துமலை வரை வெறுங்காலோடு நடந்து, 272 படிகளையும் ஏறுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் தட்டைப் பாதம் உள்ளவர்களும் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் பலருக்குத் தம் பாதம் தட்டை என்பதே தெரியாது. வலியில்லாமல் சுமக்கும் பாதத்தை நோய் என்று சொல்ல மருத்துவத்திடம் இன்று சான்று இல்லை.

1884ல் ஆக்ஸ்டன் தந்த முளையை அடித்தபோது, வளைவை உண்டாக்குவதே சிகிச்சையின் நோக்கமாக இருந்தது. இன்று வலியைப் போக்குவதும் அசைவைக் காப்பதும் நோக்கமாகிவிட்டன. இந்த மாற்றத்துக்கு 100 ஆண்டுகள் பிடித்தன. கனடாப் போர்வீரர்களின் சுவடுகளும், தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் சுவடுகளும் அதற்குச் சாட்சி சொல்லின. கத்தியை எடுக்கக் கற்றுக்கொண்டது மருத்துவத்தின் ஒரு வெற்றி. எடுக்காமல் இருக்க வேண்டிய இடத்தைக் கற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய வெற்றி. ஈரத் தரையில் உங்கள் பிள்ளையின் முழுப் பாதச் சுவடு பதிந்தால், அதைப் பார்த்து அஞ்சாதீர்கள். வலிக்கிறதா என்று பிள்ளையைக் கேளுங்கள், நுனிவிரலில் நிற்கச் சொல்லுங்கள், பிறகு ஓடவிடுங்கள்.